ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டம்

அரசு மேல்நிலைப் பள்ளியில் 31 வருடம் விலங்கியல் நடத்தினேன். வருடா வருடம் பரிணாமப் பாடம் வரும். தாடி வைத்த டார்வின், பீகிள் கப்பல், கலாபகஸ் தீவு, குருவிகளின் அலகு, 1859-ல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’. ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு போதும். “சார், குரங்கு மனுஷனாச்சுன்னா இப்ப இருக்கற குரங்கெல்லாம் ஏன் சார் ஆகல?” என்று வருடத்துக்கு ஒரு பையனாவது கேட்பான். பதில் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அந்த டார்வினுக்கு ஒரு குடும்பம் இருந்தது, மனைவி இருந்தார், வீட்டில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்ன செய்தார் என்பதையெல்லாம் நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்குக் காரணம் ஒரு காபி டம்ளர்.

2017-ல் ஓய்வு பெற்றேன். அனுபவப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதம் மாலை, பொன்னாடை. இரண்டாவது மாதம் பென்ஷன் அலைச்சல். மூன்றாவது மாதம் வீட்டில் உரசல். காலைப் பேப்பரை வரி விடாமல் படித்துவிட்டுப் பதினோரு மணிக்கு இரண்டாவது காபி கேட்பேன். ஒரு வாரம் வந்தது. எட்டாவது நாள் டம்ளரை ணங்கென்று வைத்தாள் என் மனைவி. “ரிட்டயர் ஆனது நீங்கதான் அத்தான். நான் இன்னும் ஆகலை.”

அவள் என்னை அத்தான் என்று கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சொந்தத் தாய்மாமன் மகள். 1986-ல் மன்னார்குடியில் கல்யாணம். இந்தச் சொந்தம் பின்னால் கதைக்கு வேண்டும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் சொன்னது உறைத்தது. ஆனால் என்ன செய்வதென்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு, மகன் வாங்கிக் கொடுத்திருந்த டேப்லெட்டுடன் திண்ணைக்குப் போனேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் டார்வின் எழுதியது, அவருக்கு வந்தது என்று சுமார் 15,000 கடிதங்களைத் திரட்டி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வேலை இல்லாதவனுக்கு நல்ல தீனி. ஒன்றொன்றாகப் படித்துக்கொண்டு வந்தபோது 1876 ஜனவரி 28-ம் தேதிக் கடிதம் ஒன்று கண்ணில் பட்டது. அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஆசா கிரேக்கு எழுதியது. அதில் டார்வின் ஒரு கணக்குச் சொல்கிறார். பேக்கமன் என்ற பகடை ஆட்டத்தில் தம் மனைவி எம்மா ஜெயித்தது 2490 ஆட்டம், தாம் ஜெயித்தது 2795. பாவம் அவள் என்று ஒரு அனுதாபம் வேறு. கூடவே சின்னப் பையன் மாதிரி ‘ஹுர்ரே’!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போது அவருக்கு வயது 66. உலகத்தையே உலுக்கிய புத்தகம் எழுதி 16 வருடம் ஆகிவிட்டது. அந்த மனிதர் பெண்டாட்டியோடு ஆடிய பகடைக் கணக்கைக் கடல் தாண்டி இருக்கும் நண்பருக்குப் பெருமையாக எழுதுகிறார். கூட்டிப் பார்த்தேன், 5285 ஆட்டம். நாளைக்கு இரண்டு என்று வைத்தால் ஏழு வருடத்துக்கும் மேல். இன்னொன்றும் கவனித்தேன். மறுநாள் ஜனவரி 29, அவர்களுடைய 37-வது கல்யாண நாள்.

அதற்குப் பிறகு செடி கொடிக் கடிதங்களை விட்டுவிட்டு இந்தத் தம்பதியைப் பற்றியே தேடித் தேடிப் படித்தேன். முதல் ஆச்சரியம் உறவு முறை. டார்வினின் அம்மா சூசன்னா. அவருடைய தம்பி ஜோசையா வெட்ஜ்வுட், பேர் பெற்ற பீங்கான் கம்பெனிக் குடும்பம். அந்தத் தம்பியின் கடைசி மகள்தான் எம்மா. ஆக, நம் வழக்கப்படி சொன்னால் முறைப்பெண். மாப்பிள்ளையைவிடப் பெண் ஒன்பது மாதம் மூத்தவர். நம் ஊராக இருந்தால் அது ஒன்றுதான் பேச்சாகியிருக்கும்.

இரண்டாவது ஆச்சரியம், கல்யாணத்துக்கு முன் அவர் போட்ட கணக்கு. 1838-ல் ஒரு தாளை எடுத்து, நடுவில் பிரித்து, ஒரு பக்கம் கல்யாணம் செய்துகொண்டால், மறு பக்கம் செய்யாவிட்டால் என்று எழுதியிருக்கிறார். செய்துகொண்டால் நேரம் போகும், சாயங்காலம் படிக்க முடியாது, புத்தகம் வாங்கக் காசு இருக்காது, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் வர வேண்டும். மறு பக்கம், வயதான காலத்துக்குத் துணை, நாயைவிட மேல். உண்மையாகவே நாயோடுதான் ஒப்பிட்டிருக்கிறார்! கடைசியில் செய்துகொள்வது என்று முடிவு கட்டுகிறார். அந்த வருடம் நவம்பரில் மாமா வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டார். 1839 ஜனவரி 29-ல் கல்யாணம். 1842-ல் லண்டனை விட்டு, கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்தில் வீடு வாங்கிக் குடியேறினார்கள். அவர் சாகும்வரை அதே வீடு. 40 வருடம்.

இவர்கள் இரண்டு பேரும் பொருத்தமான ஜோடியா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. டார்வினுக்கு எல்லாம் வைத்த இடத்தில் இருக்க வேண்டும். எம்மாவோ சாமான்களைப் போட்டது போட்டபடி விடுகிற சுபாவம். சின்ன வயதிலேயே வீட்டில் அதற்குச் செல்லப் பெயர் உண்டாம். கல்யாணமானதும், ஒழுங்கு பார்க்கும் தம் குணத்தை விட்டுவிடுவது, அதற்காக எரிச்சல்படுவதில்லை என்று டார்வின் முடிவு செய்துகொண்டாராம். மகள் ஹென்ரியட்டா எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு ஓயாத வயிற்றுக் கோளாறு, வாந்தி, தலைச்சுற்றல். எம்மாவுக்கு 17 வருடத்தில் பத்துப் பிரசவம். சுகமான வாழ்க்கை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அன்றாடம் ஒரு ஒழுங்கு இருந்தது. மகன் பிரான்சிஸ் அதை விவரமாக எழுதியிருக்கிறார். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை வேலை. பிறகு ஹாலுக்கு வந்து சோபாவில் சாய்ந்துகொள்வார். வந்த கடிதங்களையும் ஒரு நாவலையும் வீட்டில் யாராவது உரக்கப் படிக்கக் கேட்பார். மறுபடி வேலை. மதியம் வீட்டுக்குப் பின்னால் மணல் பாதையில் நாயோடு நடை. எத்தனை சுற்று என்பதற்குத் திருப்பத்தில் குவித்த கற்களில் சுற்றுக்கு ஒன்றாகக் காலால் தள்ளிக் கணக்கு வைப்பாராம். மூன்று மணிக்குப் படுத்துக்கொண்டு மறுபடி நாவல் கேட்பார். நாவல் நல்லபடியாக முடிய வேண்டும் அவருக்கு. சோகமாக முடிக்கக் கூடாது என்று சட்டமே போடலாம் என்பார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எம்மாவோடு பேக்கமன், சரியாக இரண்டு ஆட்டம். பிறகு கொஞ்சம் படிப்பு, எம்மாவின் பியானோ, பத்தரைக்குள் படுக்கை. ஒரே பாட்டைக் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ வாசித்தால் அடையாளம் தெரியாத காது அவருக்கு. ஆனாலும் தினமும் கேட்டார்.

பேக்கமன் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு 15 காய், இரண்டு பகடை, பலகையில் 24 முனை. விழுகிற எண்ணுக்குக் காய் நகர்த்தி, எதிராளியின் தனிக் காயை அடித்து வெளியே தள்ளி, நம் காய்களை எல்லாம் முதலில் வீடு சேர்க்க வேண்டும். நம் தாயக்கட்டத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்மாவுக்கு நல்ல எண் விழுந்தால் டார்வின் பொய்க் கோபத்தில் குதிப்பாராம். தமக்கு விழாவிட்டால் விதியை நொந்து புலம்புவாராம். ஆராய்ச்சியில் ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல 20 வருடம் தயங்கிய மனிதர்!

கடைசிக் காலத்தில் மண்புழு ஆராய்ச்சி. புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க வீட்டில் விசில் ஊதினார்கள், பஸூன் என்ற பெரிய ஊதுகுழல் வாசித்தார்கள். புழுத் தொட்டியை எம்மாவின் பியானோ மேலேயே தூக்கி வைத்தும் வாசித்தார்கள். சத்தத்துக்கு அசையாத புழு, பியானோவின் அதிர்வு பட்டதும் வளைக்குள் ஓடிவிட்டது. 1881-ல் வந்த புத்தகத்தில் இருக்கிறது. என் வீட்டு மிக்ஸி மேல் நான் மண்புழுத் தொட்டி வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டேன்.

இதையெல்லாம் ஒரு நாள் ராத்திரி மனைவியிடம் உற்சாகமாகச் சொன்னேன். “நாமும் தினம் தாயம் ஆடலாமா?” என்று கேட்டேன். அவள் கேட்டது ஒரே கேள்வி. “அவங்க வீட்ல பாத்திரம் யார் கழுவுனா?”

பதில் எனக்குத் தெரியும். டவுன் வீட்டில் சமையலுக்கு ஆள், எடுபிடிக்கு ஆள், தோட்டத்துக்கு ஆள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். இரண்டு பக்கமும் பிதிரார்ஜிதச் சொத்து. டார்வின் சம்பளத்துக்கு ஒரு நாள் வேலை பார்த்ததில்லை. அந்த ஏழரை மணிச் சந்தோஷத்துக்குப் பின்னால் பத்துப் பேருடைய உழைப்பு இருந்தது. நம் வீடுகளில் அந்தப் பத்துப் பேரும் ஒரே ஆள்தான். ஏழரைக்குத்தான் அவள் அடுப்படியில் இரண்டாம் சுற்றில் இருப்பாள். அப்போது வந்து உட்கார், விளையாடு என்றால் எப்படி உட்காருவாள்?

வழியும் டார்வின் வீட்டிலேயே கிடைத்தது. எம்மா கைப்பட எழுதிய சமையல் குறிப்பு நோட்டு ஒன்று உண்டு. கல்யாணமான வருடத்தில் ஆரம்பித்தது. அதில் ஒரே ஒரு குறிப்பு டார்வின் கையெழுத்தில் இருக்கிறது. என்ன குறிப்பு தெரியுமா? சோறு வடிப்பது! தண்ணீரில் உப்புப் போட்டு, கொதி வந்ததும் அரிசியைப் போட்டுக் கிளறி, கடிகாரம் பார்த்துப் 12 நிமிடம் கொதிக்கவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டு, பானையைத் தணல் மேல் பத்து நிமிடம் வைக்க வேண்டும். என் அப்பாயி செய்ததும் இதேதான். கடிகாரம் மட்டும் கிடையாது.

மறுநாள் நானே சோறு வடித்தேன். சரியாகப் 12 நிமிடம். அரிசி கல்லாக நின்றது. “உங்க டார்வின் பச்சரிசி போட்டிருப்பார். இது பொன்னிப் புழுங்கல்” என்றாள். சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து சோறும் இரவுப் பாத்திரமும் என் பொறுப்பு. இரண்டு மாதத்தில் கை பழகிவிட்டது. ஏழரை மணிக்கு அவள் கை காலியானது. பரணிலிருந்து என் அம்மாவின் பித்தளைத் தாயக்கட்டையை இறக்கினேன். சாக்பீஸுக்கு வாத்தியார் வீட்டில் பஞ்சமா? கூடத்துத் தரையில் கட்டம் போட்டோம். சோழியும் புளியங்கொட்டையும் காய். தினம் இரண்டு ஆட்டம். கணக்கு எழுத ஒரு பழைய மதிப்பெண் பதிவேடு.

இதோடு நிறுத்தியிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கட்டுரையாகப் போயிருக்கும். ஆனால் டார்வின் தம்பதியின் கதையில் நான் மனைவியிடம் சொல்லாமல் தாண்டிப் போன பகுதி ஒன்று இருந்தது.

எம்மா தெய்வ பக்தி உள்ளவர். டார்வினுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. அதை மனைவியிடம் மறைத்துவிடு என்று அவருடைய அப்பா சொல்லியும், கல்யாணத்துக்கு முன்பே எம்மாவிடம் சொல்லிவிட்டார். கல்யாணமான புதிதில் எம்மா ஒரு கடிதம் எழுதினார். நிரூபித்தால்தான் நம்புவேன் என்கிற பழக்கம் நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களைத் தடுத்துவிடுமோ என்று பயப்படுகிறேன், நாம் என்றென்றைக்கும் சேர்ந்திருக்க மாட்டோமோ என்ற நினைப்பைத் தாங்க முடியவில்லை என்பது அதன் சாரம். டார்வின் அதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். அதிலேயே, தாம் இறந்த பிறகு எம்மா தெரிந்துகொள்ளட்டும் என்று, பல முறை இந்தக் கடிதத்தை முத்தமிட்டு அழுதிருப்பதாக ஒரு வரி எழுதிவைத்தார். 1844-ல் தம் கொள்கையைக் கட்டுரையாக எழுதியதும், தாம் இறந்துவிட்டால் 400 பவுன் செலவழித்து அதை வெளியிடும் பொறுப்பை எம்மாவிடம்தான் ஒப்படைத்தார். எம்மாவும் படித்து, கண் எப்படி உண்டாகியிருக்கும் என்ற இடத்தில், இது பெரிய அனுமானம் என்று ஓரத்தில் குறித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் பிள்ளைகளும் தேவாலயத்துக்குள் போக, டார்வின் வெளியே நடந்துகொண்டிருப்பார்.

பத்துப் பிள்ளைகளில் மூன்று தங்கவில்லை. ஒன்று 23 நாள் குழந்தை. ஒன்று ஒன்றரை வயதுப் பையன். ஒன்று ஆனி, பத்து வயது, அப்பாவின் செல்லம். 1851 ஏப்ரலில் மால்வர்ன் என்ற ஊரில் வைத்தியத்துக்குப் போன இடத்தில் இறந்தாள். எம்மா நிறைமாதம், கூடப் போக முடியவில்லை. டார்வின் படுக்கை அருகே உட்கார்ந்து, அன்றன்றைய நிலையை எம்மாவுக்கு எழுதினார். ஆனியின் சின்ன எழுதுபெட்டியை எம்மா வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். ஆனால் இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசுவது அபூர்வம் என்கிறார் ஹென்ரியட்டா.

டார்வினுக்கு இன்னொரு பயமும் இருந்தது. சொந்தத்தில் கட்டியதால்தான் பிள்ளைகள் நோஞ்சானாகப் பிறக்கின்றனவோ என்று. 1871-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முறை உறவுக் கல்யாணம் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று முயன்றார், பாராளுமன்றம் ஏற்கவில்லை. பிறகு மகன் ஜார்ஜ் அதை ஆராய்ந்து 1875-ல் வெளியிட்டார். பயந்த அளவுக்குப் பெரிய கேடு தெரியவில்லை என்பது அவர் முடிவு.

இந்தப் பகுதியை ஏன் தாண்டினேன் என்றால், 1988-ல் எங்களுக்கு முதலில் பிறந்தது ஒரு பெண் குழந்தை. 19 நாள் இருந்தது. இதயத்தில் கோளாறு என்றார்கள். இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தான், நன்றாக இருக்கிறான். ஆனால் நான் விலங்கியல் வாத்தியார். வகுப்பில் மரபியல் நடத்தும்போதெல்லாம் மனதுக்குள் அந்தக் கேள்வி வரும். அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தக் குழந்தைக்குப் பிறகு அவள் சனிக்கிழமை தவறாமல் ராஜகோபால சாமி கோயிலுக்குப் போகிறாள். நான் கோயிலுக்குள் போவதை நிறுத்தினேன். அவள் உள்ளே இருக்கும் நேரம் நான் தெப்பக்குளக் கரையில் நடந்துகொண்டிருப்பேன். இதைப் பற்றியும் இருவரும் பேசியதில்லை. முப்பது வருடம்.

ஒரு ராத்திரி, முதல் ஆட்டம் முடிந்து காய் அடுக்கும்போது, எப்படியோ வாய் தவறி ஆனியின் கதையைச் சொல்லிவிட்டேன். அவள் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நம்ம பொண்ணுக்குப் பேரே வைக்கலையே அத்தான். முப்பதுக்கு வைக்கலாம்னு இருந்தோம்.”

பிறகு நானும் சொன்னேன். வாத்தியாராக இருந்து இத்தனை வருடம் மனதில் போட்டு அரைத்ததை எல்லாம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அம்மாவும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதாங்க. நான்தான் உங்க காதுல போட வேணாம்னு சொன்னேன். படிச்சவரு, ரொம்ப யோசிப்பாருன்னு.”

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உருட்டுங்க, உங்க கை” என்றாள். இரண்டாவது ஆட்டமும் ஆடினோம். அவள்தான் ஜெயித்தாள்.

நான் இன்னும் கோயிலுக்குள் போவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை. குளக்கரையில் நடந்துவிட்டு வாசலில் வந்து நிற்பேன், பிரசாதத்தில் பாதியைக் கொடுப்பாள், தின்றுகொண்டே வீடு வருவோம். டார்வினும் எம்மாவும் 43 வருடம் அந்த வேற்றுமையைத் தீர்த்துக்கொள்ளவே இல்லை. 1882 ஏப்ரல் 19-ல் எம்மா பக்கத்தில் இருக்க அவர் இறந்தார். நாட்டார் அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். எம்மா அதற்குப் போகவில்லை. 14 வருடம் கழித்து இறந்தபோது அவரை அடக்கம் செய்தது டவுன் கிராமத்துத் தேவாலய வளாகத்தில். கடைசியில் ஒரே மண்ணில்கூட இல்லை. ஆனால் ராத்திரிக்கு இரண்டு ஆட்டம் என்று ஆயிரக்கணக்கான ராத்திரி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி உட்கார ஓர் இடம் இருந்தால், பேச வேண்டியது என்றைக்காவது ஒரு நாள் தானாக வாயில் வரும். வராவிட்டாலும் அன்றைய ஆட்டம் மிச்சம். எனக்கு 30 வருடம் அந்த இடம் இல்லாமல் போனது. நான் உண்டாக்கவில்லை, அவ்வளவுதான்.

புதிதாக ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். தாயமோ, பல்லாங்குழியோ, சீட்டோ, இரண்டு பேரும் சேர்ந்து கேட்கிற பழைய பாட்டோ, எதுவானாலும் சரி. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் பாத்திரத்தைக் கழுவிவிடுங்கள்.

நேற்றுவரை பதிவேட்டில் உள்ள கணக்கு: அவள் 1412, நான் 1187. கட்டையை அவள் ஏதோ வித்தையாக உருட்டுகிறாள் என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியவில்லை.